படியளக்கும் கை



வேளாங்கண்ணி அன்னையின் திருவிழா நாட்களில், வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட உடன்பிறந்தார் ஒன்று கூடி மகிழ்வது நம் கடற்கரைக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். 2019ஆம் ஆண்டுத் திருவிழாவின்போது அவ்வாறு கூடிய அக்காள் தங்கை இருவரின் பேச்சை நாம் அருகிலிருந்து கேட்க நேர்ந்தது. அக்காளின் புகுந்த வீடு காரைக்காலை அடுத்த தருமபுரத்தில். தங்கையின் புகுந்த வீடு நாகூருக்கு அருகில். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தொலைவு.

"இந்த மாதம் ரேஷன் அரிசி பரவாயில்லை, அக்கா. சோறு வெள்ளையாக இருக்கிறது" என்றாள் தங்கை.

"உனக்கென்ன அம்மா, அரிசி வருகிறது. எங்களுக்கு அரிசிக்குப் பதில் பணமாம். வந்ததா வரவில்லையா என்று தெரிந்துகொள்ளவே பாங்கிக்கு இரண்டு நடை நடக்கிறேன்" என்றாள் அக்காள்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே காவிரித் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவர்கள். ஆயினும் ஒருத்தியின் அடுப்பங்கரைக்கு அரிசி வருகிறது; மற்றொருத்தியின் கணக்குக்குப் பணம் வருகிறது. காரணம், இருவர் வீட்டுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, இடையில் சில காலம் ஆங்கிலேயர் கையில் சிக்கி, 1954 நவம்பர் முதல் நாளன்று இந்தியாவோடு சேர்ந்த காரைக்கால், இன்றும் புதுவை ஒன்றியப் பகுதியின் ஓர் அங்கம். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தின் உலையை எவ்வளவு தூரம் தொடுகிறது என்பதைக் கண்ணெதிரே காண வேண்டுவோர் எங்கும் போக வேண்டியதில்லை. தருமபுரத்துக்கு வந்தால் போதும்.

அரசாங்கம் செலவிடுவதும் சட்டம் செய்வதும் பெரிய மனிதர்களின் விவகாரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வேலை, சிறுகடை, தன் விருப்பப்படி வாழும் உரிமை ஆகிய மூன்றையும் அவை நாள்தோறும் ஆட்டி வைக்கின்றன. ஆகவே இம்மாதம் இந்த அரிசிக் கதையைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

நெல் விளையும் பூமியில் அரிசிக்கு வரிசையில் நிற்பதென்பது விந்தையே. எனினும் பஞ்சத்தை அறிந்தவர்கள் இவ்வரிசையை இகழமாட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், வங்கத்தில் 1943ஆம் ஆண்டு பஞ்சத்தால் பல லட்சம் மக்கள் மடிந்தபோதுதான், உணவைச் சந்தையின் போக்குக்கே விட்டுவிடலாகாது என்ற எண்ணம் இந்நாட்டில் வேரூன்றியது. 1965 ஜனவரி 14ஆம் நாள், பொங்கலை ஒட்டி, இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்த இடம் நம் தஞ்சாவூர். உழவனிடம் நியாய விலைக்கு வாங்குவது, ஏழைக்கு நியாய விலைக்கு விற்பது என்பதே அதன் கருத்து. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழகத்தின் ஆட்சியையே மாற்றியதில் பெரும் பங்கு வகித்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாயிற்று. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவரை கருணையாக இருந்த அரிசி, அதன்பின் உரிமையாயிற்று.

இந்த உரிமையை அரிசியாகத் தராமல் பணமாகத் தந்தால் என்ன என்று மத்திய அரசு எண்ணிற்று. அதற்கான விதிகள் 2015இல் வெளிவந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சண்டிகரும் புதுவையும் இச்சோதனைக்கு உட்பட்டன. புதுவை அரசோ, தன் நிதியிலிருந்து சிவப்பு அட்டைக்கு 20 கிலோவும் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவும் அரிசியாகவே தர விரும்பியது. துணைநிலை ஆளுநர் அதனையும் பணமாகவே தரவேண்டும் என்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை ஒருபுறம், நியமிக்கப்பட்ட ஆளுநர் மறுபுறம் என வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2020 பிப்ரவரியில் அமைச்சரவைத் தரப்பின் மனு தள்ளுபடியாயிற்று. இதனிடையே ரேஷன் கடைகளின் கதவுகள் மூடிக்கிடந்தன. 2024 அக்டோபரில்தான், தீபாவளியை ஒட்டி, அவை மீண்டும் திறக்கப்பட்டன.

இருதரப்பாரும் ஏழையின் பெயரால்தான் வாதாடினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. யார் சொன்னது சரி?

பணமே நல்லது என்போரின் வாதத்தை முதலில் கேட்போம். அரிசியைத் தரும் அரசாங்கம், நீ இதைத்தான் உண்ணவேண்டும் என்று கட்டளையிடுகிறது. பணத்தைத் தரும் அரசாங்கமோ, உனக்கு வேண்டியதை நீயே வாங்கிக்கொள் என்று நம்புகிறது. புழுங்கலா பச்சையா, அரிசியா கேழ்வரகா, இம்மாதம் குழந்தைக்குப் பாலா என்பதை வீட்டின் தாயே முடிவு செய்யலாம். கல்லும் நெல்லும் கலந்த அரிசியை வேறு வழியின்றி வாங்க வேண்டியதில்லை. எடையில் குறைத்தவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அவ்வரிசி இடைவழியில் வெளிச்சந்தைக்கு மறைவதும் குறையும். தெருமுனை மளிகைக்காரருக்கும் நாலு காசு சேரும்; பற்றுவரவு நோட்டில் ஏறிக்கிடந்த கடன் இறங்கும். இவற்றில் எதையும் நாம் பொய்யென்று தள்ளமாட்டோம். நிதி ஆயோக்கின் பொருட்டு 2016, 2017 ஆண்டுகளில் நடந்த கள ஆய்விலும், தொடக்கத்தில் பணம் வந்து சேரவில்லை என்றோ வந்தது தெரியாது என்றோ கூறியவர்கள் பலர் இருந்தனர். முறை சீர்பட்டதும் பணத்தை விரும்புவோர் தொகை பெருகிற்று.

ஆனால் தருமபுரத்து அக்காள் சொன்ன ஒரு சொல்லை எந்த ஆய்வும் வென்றுவிடவில்லை.

"ஐயா, பணத்துக்குக் கால் உண்டு. அரிசிக்குக் கால் இல்லை. அரிசியைக் கொண்டுவந்து பானையில் கொட்டிவிட்டால் அது எங்கள் வீட்டைவிட்டு எங்கும் போகாது. பணம் வந்த அன்றைக்கே யார் யாரோ கையை நீட்டுகிறார்கள்."

அந்தக் கைகளில் ஒன்று யாருடையது என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அண்டை மாவட்டங்களிலிருந்தும் மது நாடி மக்கள் வருமளவுக்கு மலிவான விலையும் ஏராளமான கடைகளும் உள்ள பகுதி காரைக்கால். மதுவின் மீதான கலால் வரி புதுவை அரசின் பெரு வருவாய்களில் ஒன்று. ஒரு கையால் அரிசிப் பணத்தைக் கணக்கில் இட்டு, மறு கையால் சாராயக் கடையை ஏலம் விட்டால், கொடுத்த பணம் கொடுத்தவரிடமே திரும்பிச் செல்லக் குறுக்குவழி ஒன்று ஏற்பட்டுவிடுகிறது. இடையில் பசித்திருப்பவர்கள் தாயும் பிள்ளைகளுமே. தன் விருப்பப்படி செலவிடும் சுதந்திரம் என்று நாம் புகழ்வது வீட்டில் யாருடைய சுதந்திரம் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் அன்றோ?

இன்னொரு கணக்கும் உண்டு. 20 கிலோ அரிசிக்கு ஈடாக 600 ரூபாய் என்று வகுத்தார்கள். கிலோவுக்கு 30 ரூபாய். சந்தையில் அரிசி 45 ரூபாய்க்கு ஏறினால், அதே 600 ரூபாய் 13 கிலோ சொச்சம்தான் வாங்கும். விலை ஏறினாலும் 20 கிலோ அரிசி 20 கிலோவாகவே இருக்கும். பணமோ, எண்ணிக்கை மாறாமலே இளைத்துப்போகும். அரசாங்கம் தொகையை உயர்த்தும் வரை அந்த ஏழு கிலோவை யாருடைய வயிறு விட்டுக்கொடுப்பது?

இது குடும்பங்களின் கதை. கடையில் வேலை பார்த்தோரின் கதை வேறு. கடைகள் மூடிக்கிடந்தபோது ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்துப் போராட்டத்தில் இறங்கியது நாடறிந்த செய்தி. வேலை போய்விட்டது என்றால் வேறு வேலை தேடலாம். வேலை இருக்கிறது, சம்பளம் இல்லை என்ற நிலையில் மனிதன் என்ன செய்வான்? போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. அரசு சார்ந்த வேலை என்பது நம் பகுதியில் பல குடும்பங்களின் கனவு. அதற்காக நிலத்தை விற்றவர்களையும், சிபாரிசுக்காக வாசல் வாசலாக நின்றவர்களையும் நாம் அறிவோம். சிபாரிசால் கிடைத்த வேலைக்குச் சம்பளத்தோடு ஒரு விலங்கும் சேர்ந்து வருகிறது. கொடுத்தவர் முகம் கோணும்படி அவன் பேச இயலாது. அவன் வீட்டார் வாக்கும் அவர்களுடையதாய் இராது. அரசாங்கம் தரும் வேலை தீமை என்று நாம் கூறவில்லை. தகுதி பார்த்துக் கொடுத்து, காலத்தில் கூலியும் கொடுக்கும் வேலை குடும்பத்தை நிமிர்த்தும். சலுகையாக எறியப்படும் வேலை குடும்பத்தை வளைக்கும்.

புதுச்சேரியின் பஞ்சாலைகளும் இதைத்தான் போதிக்கின்றன. 1936 ஜூலை 30ஆம் நாள், உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். அடுத்த ஆண்டே, 1937இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. முதலாளியின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருந்தால் அது என்று வந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? சட்டம் தொழிலாளியைக் காத்த நாள் அது. பின்னர் அரசாங்கமே ஆலைக்கு முதலாளியாயிற்று. 1898இல் நிறுவப்பட்டு ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. ஆலை, அரசின் கையிலிருந்தே நலிந்து, 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. அரசாங்கம் காவலனாக நின்றபோது தொழிலாளி பிழைத்தான். அதுவே முதலாளியாக அமர்ந்தபோது ஆலையைக் காப்பாற்ற இயலவில்லை. இரண்டும் ஒரே ஊரில் நிகழ்ந்தவை.

சிறுகடை வைத்திருப்போருக்கும் இதே இருமுகத்தை அரசாங்கம் காட்டுகிறது. எடைக்கல்லில் முத்திரை வேண்டும் என்ற விதி ஏழைக்கு அரண். முத்திரையில்லாத தராசில் ஏமாறுகிறவன் எப்போதும் ஏழையே. உணவுப் பண்டம் விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டமும் நம் குழந்தைகளின் வயிற்றைக் காப்பதற்கே. ஆனால் ஒவ்வொரு நல்ல விதியும் ஒரு சன்னலைத் திறக்கிறது. அந்தச் சன்னலுக்கு அப்பால் ஓர் அதிகாரி அமர்கிறார். இப்பால் கடையைப் பூட்டிவிட்டு வந்த ஒருவர் நிற்கிறார். பெரிய வியாபாரிக்கு அலைவதற்கு ஆள் உண்டு; சிறு கடைக்காரருக்கு அவரேதான் ஆள். அவர் நிற்கும் ஒவ்வொரு மணியும் அவர் வீட்டு வருமானத்தில் விழும் ஓட்டை. இராஜாஜி இதையே 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று இடித்துரைத்தார்.

நல்ல நோக்கத்தோடு பிறந்த சட்டம் எளியவனை எப்படி நசுக்கும் என்பதற்கு 1963ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாடு நீங்காத சாட்சி. சீனப் போரை அடுத்து, கள்ளக்கடத்தலைத் தடுக்கவும் அந்நியச் செலாவணியைக் காக்கவும், 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்யலாகாது என்று மத்திய அரசு விதித்தது. கடத்தல்காரன் தன் வழியைக் கண்டுகொண்டான். ஊதுகுழலும் உமியோட்டுமாகத் திண்ணையில் அமர்ந்து தாலி செய்துவந்த பொற்கொல்லனோ ஒரே நாளில் பிழைப்பிழந்தான். நாடெங்கும் அவர்களில் சிலர் வறுமை தாளாது உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 14 காரட் விதி 1966இல் கைவிடப்பட்டது; 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டவுடன் அணைந்த உலைகள் எல்லாம் மீண்டும் எரிந்துவிடவில்லை.

அப்படியாயின் அரசாங்கமே ஒதுங்கி நிற்கட்டுமா? சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டுமா? அல்லது எல்லாவற்றையும் அரசாங்கமே தரட்டுமா? இவ்விரண்டுக்கும் நடுவே நமக்கு வழிகாட்டும் ஒரு பழங்கதை ஆதியாகமத்தில் உள்ளது. எகிப்தில் சூசை ஏழு வளமான ஆண்டுகளின் தானியத்தைக் களஞ்சியங்களில் சேர்த்தார். ஏழு பஞ்ச ஆண்டுகளில் அதைத் திறந்து மக்களைக் காத்தார். இதுவரை நாம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அடுத்து நடந்ததை அதிகம் பேசுவதில்லை. பணம் தீர்ந்தபோது மக்கள் மந்தைகளைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். மந்தைகளும் தீர்ந்தபோது நிலத்தைக் கொடுத்தார்கள். முடிவில் தங்களையே பாரவோனுக்கு அடிமைகளாக ஒப்புக்கொடுத்தார்கள். உயிரைக் காத்த அதே களஞ்சியம் உரிமையை வாங்கிக்கொண்டது. களஞ்சியம் வேண்டும் என்பதும் உண்மை. களஞ்சியத்தின் சாவியை வைத்திருப்பவன் எசமானனாகிவிடுவான் என்பதும் உண்மை.

திருச்சபையின் சமுதாயப் போதனையும் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளியின் நியாயமான கூலியைக் காக்க அரசாங்கம் தலையிட வேண்டும் என்றது. குடும்பம் அரசாங்கத்துக்கு முந்தியது என்பதையும் அதுவே வலியுறுத்திற்று. 1931இல் 11ஆம் பத்திநாதர் இதைத் தெளிவாக்கினார். சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளுதல் அநீதி. சிறியவன் தளரும்போது தாங்கி நிற்பதே பெரியவனின் கடமை என்பது அவர் காட்டிய நெறி. 1991இல் இரண்டாம் அருள் சின்னப்பர், எல்லாவற்றையும் தானே செய்யப் புகும் நலன்புரி அரசு மக்களின் ஊக்கத்தை உறிஞ்சி அலுவலகங்களைப் பெருக்கிவிடும் என்று எச்சரித்தார்.

ஆகவே, அரிசியா பணமா என்ற வினாவுக்கு நாம் சொல்லும் விடை இதுதான். பெறுகிறவரில் மிக எளியவர் யாரோ, அவருக்கு எது வலுவூட்டுகிறதோ அதுவே நல்ல உதவி. தாயின் பெயரில் கணக்கும், நடந்து செல்லும் தூரத்தில் பாங்கியும், விலையோடு உயரும் தொகையும், சாராயக் கடையின் தொல்லையில்லாத தெருவும் இருக்கும் இடத்தில் பணம் சுதந்திரத்தைத் தரலாம். அவை இல்லாத இடத்தில் அரிசியே சுதந்திரம். எதுவாயினும், கேட்காமலே திறந்து, கேட்காமலே மூடக்கூடிய கதவாக அது இருத்தல் ஆகாது.

இதில் நம் குடும்பங்கள் செய்யக்கூடியவையும் உள்ளன. 2013ஆம் ஆண்டுச் சட்டம், ரேஷன் அட்டையைப் பொறுத்தவரை, வீட்டில் 18 வயது நிறைந்த பெண்களில் மூத்தவரையே குடும்பத் தலைவியாகக் கொள்கிறது. உங்கள் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் யார் பெயர் இருக்கிறது என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். கடைகளைக் கண்காணிக்கக் குழுக்கள் வேண்டும் என்றும், கணக்கை மக்கள் முன் வைத்துத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும், குறை கேட்க அதிகாரி வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. கேட்பவர் இருந்தால்தான் அவை காகிதத்தை விட்டு எழுந்து வரும். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞரும், எழுதப்படிக்கத் தெரியாத தாய்மாருக்கு வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதையும் மனு எழுதித் தருவதையும் ஓர் அறச்செயலாக மேற்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இலவசம் என்று தரப்படும் எதுவும் நம் வாக்குக்குக் கூலியல்ல. நம் வரியிலிருந்து நமக்கு வரும் பங்கு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம்.

கடைகள் மீண்டும் திறந்தபின் அந்தத் தருமபுரத்து அக்காளை நாம் மறுபடி சந்தித்தோம். அரிசிப் பையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். மகிழ்ச்சிதானே என்று கேட்டோம்.

"மகிழ்ச்சிதான், ஐயா. ஆனால் மூடியபோதும் எங்களை யாரும் கேட்கவில்லை, திறந்தபோதும் கேட்கவில்லை. நாளைக்கு என்ன செய்வார்களோ?"

அரசாங்கம் படியளக்கட்டும்; அது அதன் கடமை. அந்தப் படி சரியாக இருக்கிறதா என்று நிமிர்ந்து நின்று பார்க்கும் கண் நம்முடையதாக இருக்கட்டும்.